இருபத்தைந்து சத அரிசி

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை ஓரமாக மலையேறினால் வளைவுகள் ஓய்கிற இடத்தில் கரியாலூர் வருகிறது. கல்வராயன் மலைக்கு வருகிறவர்கள் இங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வெள்ளிமலைக்கோ அருவிகளுக்கோ போவார்கள். நான் போனது ஒரு மரவள்ளிக் காட்டுக்கு. செடிகளின் அடியிலைகள் ஓரம் தீய்ந்து பழுத்திருந்தன. "பொட்டாஷ் பத்தல சார். இப்படியே விட்டா கிழங்கு பருக்கும், மாவு ஏறாது" என்றார் காட்டுக்காரர். ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கின் எடையோடு மாவுச்சத்தையும் பார்த்து, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை வைக்கின்றன. இலை ஓரத்து மஞ்சள் அவருக்கு நேரடியாகப் பணக் கணக்கு.

பேச்சு உரத்தில் தொடங்கி இலங்கையில் போய் நின்றது. 2021இல் அங்கே ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள் என்று சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா, எண்பதைத் தொட்டிருப்பார், தலையைத் திருப்பினார். "நாடு முழுக்கவா? ஒரே போகத்துலயா? வேணாம்னு ஒருத்தருமா சொல்லல?"

சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னது ஏன் காதில் ஏறவில்லை என்பதை அந்தக் காட்டோரம் நின்று விளக்க முடியவில்லை. எழுபது ஆண்டுக் கதை அது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இலங்கை பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதி. மக்கள்தொகையில் நம்மில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிப்பட்ட நாடு உலக அரங்கில் பேசினால் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் வரைபடத்தைக் காட்டுவார்கள்: திருகோணமலைத் துறைமுகம், அம்பாந்தோட்டைக்குத் தெற்கே ஓடும் கப்பல் பாதை, அருகில் இந்தியா. அதெல்லாம் உண்மைதான். ஆனால் துறைமுகம் எப்போதும் அங்கேயேதான் இருந்தது. நாட்டின் குரல் மட்டும் ஒரு காலத்தில் கேட்டது, ஒரு காலத்தில் கேட்கவில்லை. அந்த ஏற்ற இறக்கத்தை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. ஆள்கிறவருக்குத் தன் வாக்காளர் மீது எவ்வளவு பயம் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பயத்துக்கு அங்கே வயது அதிகம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் வேறுபாடில்லாமல் வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆசியாவில் அதுவே முதல். பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான வாக்கு கிடைத்து அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. சென்னை மாகாணத்தில் சொத்தும் வரி ரசீதும் உள்ளவர்தான் ஓட்டுப் போட முடிந்த காலம் அது.

இந்த வாக்குரிமை வெளியுறவுக் கொள்கையாக மாறிய இடம் 1952. கொரியப் போர் ஏற்றிவிட்ட ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. விற்பது ரப்பர், தின்பது இறக்குமதி அரிசி என்ற நிலையில் உள்ள நாட்டுக்கு இரண்டு பக்கமும் அடி. அமெரிக்காவிடம் எதிர்பார்த்த விலையும் அரிசியும் கிடைக்கவில்லை. சீனாவிடம் அரிசி இருந்தது, ரப்பர் தேவை இருந்தது. ஆனால் போர்த் தேவைக்கான பொருட்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாதென்று ஐ.நா. பொதுச்சபை 1951 மே மாதம் தீர்மானம் போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் அல்ல. சோவியத் எதிர்ப்பால் அது வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. 1955 டிசம்பரில்தான் உள்ளே விட்டார்கள். உள்ளே சேர்க்காத வீட்டின் விதிக்கு யார் கட்டுப்படுவது?

கொழும்பில் இருந்தது டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு. கம்யூனிஸ்ட் என்ற சொல்லே அதற்கு ஆகாது. சீனாவை அது அங்கீகரித்திருந்தாலும் தூதரகம் திறக்கவில்லை. அந்த அரசின் வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கா பீக்கிங் போனார். 1952 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது: ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வரும், 50,000 டன் ரப்பர் போகும், ரப்பருக்குச் சந்தையை விடக் கூடுதல் விலை. கம்யூனிஸ்ட் நாடுகளுக்குப் போர்ப் பொருள் விற்பவர்களுக்கு உதவி இல்லை என்ற தன் பேட்டில் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தியது. கொழும்பு அசையவில்லை.

ஆச்சரியம் அந்தத் துணிச்சலில் கூட இல்லை. அதன் ஆயுளில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை அந்த ஏற்பாடு ஓடியது. இடையில் கொழும்பில் ஆட்சி எத்தனையோ முறை கை மாறியது, சீனாவில் கலாசாரப் புரட்சியே வந்து போனது. முந்தைய ஆட்சி வைத்த பெயர்ப்பலகையைக் கூடப் பெயர்த்தெடுக்கிற பழக்கம் உள்ள துணைக்கண்டத்தில் 30 ஆண்டு என்பது சிறிய விஷயமில்லை. எந்தக் கட்சி வந்தாலும் பங்கீட்டு அரிசிக் கூப்பன் வீட்டுக்கு வீடு இருந்தது. அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதும் எல்லாக் கட்சிக்கும் தெரிந்திருந்தது.

தெரிய வைத்தது 1953. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன மானியத்தைக் குறைத்தார்; ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் தேதி இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தண்டவாளம் பெயர்ந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நியூஃபவுண்ட்லாந்தில் ஏறி உட்கார்ந்து கூட்டம் நடத்தியது. சுதந்திர நாட்டு மந்திரிகள் தம் குடிமக்களுக்குப் பயந்து பழைய எஜமானனின் கப்பலில்! அக்டோபரில் டட்லி பதவி விலகினார். 1962இல் இன்னொரு நிதியமைச்சர் அரிசியில் கை வைக்கப் பார்த்து நாற்காலியை இழந்தார். இந்த மானியம் அந்நியச் செலாவணியைக் கரைத்தது என்று பொருளாதார வல்லுநர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் அதே மானியம்தான் சீன ஒப்பந்தத்தை வாஷிங்டனின் மிரட்டலிலிருந்து காத்தது. மிரட்டுகிறவரை விடப் பெரிய மிரட்டல் உள்ளூரில் காத்திருந்தால், பேரம் பேசுகிறவருக்கு முதுகெலும்பு தானாக வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அது தமிழர்கள் பக்கம் இருந்தது.

சேலம், திருச்சி, தென்னார்க்காடு, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள்தான் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள் நாடாளுமன்றம் போனார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த அரசில் சேர்ந்த கட்சியில் இருக்க மறுத்துத்தான் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தோட்டத்துக்குப் பிரதிநிதி இல்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள் நாட்டின் வாக்காளர் பட்டியலில் இல்லை. பிறகு 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பங்கு போட்டார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் இரு அரசுக்கும் இல்லை, அவர்களிடம் ஓட்டு இல்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆனது.

இதைச் சொன்னபோது கரியாலூர்ப் பெரியவர் வியப்படையவில்லை. "இங்க மட்டும் என்னங்க? எங்கப்பன் காலத்துல ஏருக்கு இவ்வளவுன்னு ஜாகீரு வூட்டுக்குக் கட்டணும். இல்லன்னா போயி வேல செய்யணும். கேக்கறதுக்கு ஆளு ஏது?" கல்வராயன் மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று, 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, கீழே சமவெளியில் தேர்தல் மேல் தேர்தல் நடந்த பிறகும் மலைமேல் அந்தப் பிடி 1976 வரை விடவில்லை. உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் என்ற பெயர் கோமுகி அடிவாரத்தோடு நின்றுவிட்டது போலும்.

1976ஐத் தனியே எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஆண்டு நெருக்கடி நிலை. ஜனவரி 31இல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. மார்ச்சில் டெல்லியும் கொழும்பும் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கடல் எல்லைக் கோடு போட்டன. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாதென்று கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ராமேசுவரத்துக்காகக் கேள்வி எழுப்பச் சென்னையில் சட்டமன்றமே இல்லை. கோடு இன்றும் இருக்கிறது, அதன் மீதான சண்டையும் இருக்கிறது; படகுகள் பிடிபடாத மாதம் அரிது. அதே ஆண்டில் கல்வராயன் ஜாகீர்களும் முடிவுக்கு வந்தன. யாரையும் கேட்காத அரசு நல்லதும் செய்யும் என்பதற்கு இது சான்று என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஜாகீர் போன பிறகு இந்த நிலம் விவசாயியுடையதா வனத்துறையுடையதா என்ற வழக்கு தீரவே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து இந்த மலையில் ரோடு உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

அதே 1976 ஆகஸ்டில் கொழும்பு ஜொலித்தது. அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடு. 86 உறுப்பு நாடுகள். தலைமை சிறிமாவோ பண்டாரநாயக்கா. அந்த இடத்தை அவர் சும்மா பெறவில்லை. 1971 ஏப்ரலில் இடதுசாரி ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வெடித்தபோது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன் என்று ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் எல்லோரும் அவருக்கு உதவி அனுப்பினார்கள். அணி சேராமல் இருப்பதன் லாபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவருடைய இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 1971 டிசம்பர் 16இல்: ஆதரவு 61, எதிர்ப்பு 0, வாக்களிக்காதவர்கள் 55. அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் கப்பல் வங்காள விரிகுடாவில் சுற்றிக்கொண்டிருந்தது. தியகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளம் எழும்பிக்கொண்டிருந்தது. அமைதி மண்டலம் காகிதத்தோடு நின்றது. 1981இல் கொழும்பில் நடப்பதாக இருந்த மாநாடு நடக்கவே இல்லை.

காகிதத்தோடு நிற்காத பணி கடல் சட்டத்தில் நடந்தது. ஐ.நா.வின் மூன்றாம் கடல் சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் தலைவர் ஷெர்லி அமரசிங்க என்ற இலங்கைத் தூதர். 1977இல் ஆட்சி மாறியதும் கொழும்பு அவரைத் தன் குழுவிலேயே சேர்க்கவில்லை. சொந்த நாட்டின் பிரதிநிதியாக இல்லாதவர் தலைவராகத் தொடரலாமா என்று மாநாடே சர்ச்சையில் இறங்கி, கடைசியில் தொடரலாம் என்று முடிவெடுத்தது. 1980இல் இறக்கும் வரை அவர்தான் தலைவர். 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது அந்த மாநாடு தந்த சொல். கூடவே, வங்கக் கடலின் தென்பகுதியில் கண்டத்திட்டை அளக்கத் தனி வழிமுறை ஒன்றையும் இலங்கைக் குழு மாநாட்டின் இறுதி ஆவணத்தின் இணைப்பில் எழுத வைத்தது. ஆற்று வண்டல் கிலோமீட்டர் கணக்கில் படிந்த கடலடி அது. பொது விதியில் அளந்தால் இலங்கைக்கு நஷ்டம். பீரங்கி இல்லாத நாடு சட்ட வாசகத்தால் கடலடியைப் பிடித்தது என்று நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் கொழும்பு மாநாட்டு மேடையில் இருந்தவருக்கு ஒரு குறை இருந்தது. 1970இல் ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவருடைய நாடாளுமன்றம் 1972 அரசியலமைப்பின் பேரில் தன் ஆயுளை இரண்டு ஆண்டு நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளூரில் ரொட்டிக்கும் துணிக்கும் வரிசை நின்றது. 1977 ஜூலையில் மக்கள் கணக்கைத் தீர்த்தார்கள்: 168 இடங்களில் அவர் கட்சிக்கு 8. அடுத்து வந்த ஜயவர்த்தன, அதாவது 70 சத அரிசிக்காரர், தேர்தலே வேண்டாமென்று 1982 டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தை ஆறு ஆண்டு நீட்டினார். அடுத்த ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறையைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் சுமார் கால் நூற்றாண்டு இலங்கை உலக மேடையில் பேசுகிற நாடாக இல்லாமல், பேசப்படுகிற நாடாக இருந்தது.

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வரலாம்.

2019 தேர்தல் அறிக்கையில் கோட்டாபய ராஜபக்ச இயற்கை வேளாண்மைக்கு மாற 10 ஆண்டு கேட்டிருந்தார். அதில் தவறு ஒன்றுமில்லை. பதவிக்கு வந்ததும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைத்தார்; கஜானா மெலிந்தது. கொரோனாவில் சுற்றுலா நின்றது. 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களின் பல்லைப் பிடுங்கி அதிகாரத்தை அதிபர் மேசையில் குவித்தது. ஏழே மாதத்தில், 2021 மே மாதம், உர இறக்குமதிக்குத் தடை. பத்து ஆண்டு ஒரு போகமாகச் சுருங்கியது. டாலர் மிச்சம் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. வெளியே அது பசுமைக் கொள்கை. விளையாது என்று வேளாண் அறிஞர்கள் கடிதம் எழுதினார்கள். தொடர்ந்து எச்சரித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். வேண்டாமென்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னால் நின்று கேட்டாக வேண்டிய ஏற்பாடுதான் கழற்றப்பட்டிருந்தது.

அப்புறம் ஹிப்போ ஸ்பிரிட் வந்தது. சீனாவிலிருந்து இயற்கை உரம் ஏற்றிய கப்பல். மாதிரியைச் சோதித்த இலங்கையின் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் எர்வினியா என்ற அழுகல் நோய்ப் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லிச் சரக்கை இறக்க மறுத்தார்கள். அதிபர் விரும்பிய உரத்தை ஒரு ஆய்வகத்து அலுவலர் கூட்டம் தடுத்து நிறுத்தியது. கவனித்தால், அந்தக் காலத்தில் ஒழுங்காக வேலை செய்த சில அமைப்புகளில் அது ஒன்று. சரக்குக்குப் பணம் வரவில்லை என்று சீனத் தூதரகம் இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. இறக்காத சரக்குக்கு 67 லட்சம் டாலர் கொடுத்துத்தான் விவகாரம் முடிந்தது. 1952இல் அமெரிக்க மிரட்டலுக்கு மசியாத அதே நாடு இது. இதற்கிடையே இந்தியா திரவ நானோ நைட்ரஜனை விமானத்தில் அனுப்பியது. நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அதிபர் நிலைத்த வேளாண்மை பற்றி உரையாற்றினார். அந்த மாதமே தடை விலக்கப்பட்டது. நெல்லும் தேயிலையும் விழுந்திருந்தன. 2022 ஏப்ரல் 12இல் 5,100 கோடி டாலர் வெளிக்கடனைத் திருப்ப முடியாதென்று நாடு அறிவித்தது. ஜூலை 14இல் அதிபர் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். டட்லிக்காவது துறைமுகத்துக் கப்பல் போதுமானதாக இருந்தது.

இங்கே என் மதிப்பீடு பலருடையதிலிருந்து வேறுபடும். 2022ஐ இலங்கையின் தோல்வி என்று மட்டும் எழுதுகிறார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. அரசியலமைப்புப்படி நாடாளுமன்றம் அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் 21ஆவது திருத்தம் ஆணைக்குழுக்களுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் வந்தது, அந்த நாட்டுக்கு அது பதினேழாவது. கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இணைத்தலைமை ஏற்றவை இந்தியா, ஜப்பான், பிரான்ஸ். சீனா தனியாகப் பேசியது. ஜப்பான் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானிடம் போர் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று புத்தரை மேற்கோள் காட்டிப் பேசியதும் அதே ஜயவர்த்தனதான். ஒரு சிறிய நாடு எங்கோ போட்டு வைத்த வைப்பு எப்போது முதிரும் என்று சொல்ல முடியாது.

2024 செப்டம்பரில், முந்தைய தேர்தலில் சுமார் 3 சதவீதம் வாக்கு வாங்கிய அநுர குமார திசாநாயக்க அதிபரானார். நவம்பரில் அவருடைய அணி 225இல் 159 இடம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் முதலிடம். இடதுசாரி வேரில் முளைத்த அந்த அரசு நாணய நிதியத் திட்டத்தைக் கிழித்தெறியவில்லை, தொடர்கிறது. ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தை வலதுசாரிகள் போட்டு இடதுசாரிகள் காத்தது போல இதையும் பார்க்கலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஒப்பந்தம் மலிவு அரிசி கொடுத்தது. இது வரியையும் மின்கட்டணத்தையும் ஏற்றியது. அரிசிக் கூப்பன் அதற்குக் காவல் நின்றது. இதற்கு எது காவல் நிற்கும்?

2022 ஏப்ரல் 29இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இலங்கைக்கு உதவ ஒரு தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள். முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பியது. தமிழர்களுக்கென்று அனுப்பத்தான் முதலில் எண்ணினார்கள். பிரித்துக் கொடுக்க வேண்டாம், எல்லோருக்கும் கொடுங்கள் என்று அங்குள்ள தமிழர்களே சொன்னார்கள் என்று முதல்வர் சபையில் தெரிவித்தார்.

பெரியவரிடம் இந்த அரிசி சமாச்சாரத்தையும் சொன்னேன். காதைக் கொடுத்துக் கேட்டவர், "ரேசன் அரிசியா, கடை அரிசியா?" என்றார். தெரியவில்லை என்றேன். மகன் சிரித்தார். கிழங்கு லாரி கீழே ஆத்தூருக்குப் புறப்படும் நேரம். பெரியவர் எழுந்து போய்ப் பழுத்த அடியிலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தார்.